பனிக் கண்டத்துக்காகக் காப்புக் கட்டிக்கொண்டவன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சாமி பெயரைச் சொல்லிப் பொய் லீவு வாங்கியவன் நான். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று கௌரவமான பொய்கள் எத்தனையோ இருந்தன. ஆனால் காய்ச்சலுக்கு எட்டு நாள் கிடைக்காது. பெரியப்பாவை ஏற்கெனவே ஒரு தடவை சாகடித்தாகிவிட்டது. (மனுஷன் இன்றைக்கும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்.) எனக்கு முழுசாக எட்டு நாள் வேண்டியிருந்தது. காரணம், ஒரு விளையாட்டு.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒத்தக்கடையில் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்கும் கம்பெனி ஒன்றில் குடோன் பொறுப்பு. இரண்டு வருடமாகத் தற்காலிக வேலை. என்னை நிரந்தரமாக்குவதா, நடையைக் கட்டச் சொல்வதா என்று அந்த மாதக் கடைசிக்குள் மேனேஜர் முடிவு எடுக்க வேண்டும். புத்தியுள்ள எவனும் அந்த மாதம் சீக்கிரமாக ஆபீசுக்கு வந்து, மேனேஜர் கண்ணில் படும்படி நாலு பெட்டியைத் தூக்கி இறக்கியிருப்பான். நான் ஆனையூரில் வாடகை அறையில் உட்கார்ந்து பனி விழக் காத்திருந்தேன்.

விளையாட்டின் பெயர் ‘கருங்கோட்டை’. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் இணையத்தில் ஒன்றுகூடி, ஆளுக்கொரு வேடம் போட்டு, அசுரர்களை அடிக்கும் விளையாட்டு. என் அறைத்தோழன் பாண்டி அதில் வாள்வீரன். (நிஜத்தில் செல்போன் ரிப்பேர் கடை.) நான் வைத்தியன். மற்றவர்கள் அடிவாங்க அடிவாங்க நான் பின்னால் நின்று உயிர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிழைத்துக்கொண்டால் அவன் வீரன், செத்துப்போனால் வைத்தியன் சரியில்லை. இதுதான் அந்த உலகத்து நியாயம்.

இந்த விளையாட்டோடு புதிதாக ஒரு கண்டமே சேரப்போவதாக அந்த வெளிநாட்டுக் கம்பெனி அறிவித்தது. பெயர் பனிக் கண்டம். சித்திரை வெயிலில் எங்கள் மின்விசிறி அனலை அள்ளி வீசிக்கொண்டிருந்த நேரம். பனி என்ற வார்த்தையைக் கேட்டதுமே எங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. இரண்டு நிமிட முன்னோட்ட வீடியோ ஒன்றை வெளியிட்டார்கள். அதை நிறுத்தி, நகர்த்தி, பெரிதாக்கி நாங்கள் ஆராய்ந்ததில் பத்தில் ஒரு பங்கு பள்ளிக்கூடத்தில் செய்திருந்தால் இன்று நான் கலெக்டர்.

“மாப்ள, அந்த மலைக்கு மேல கருப்பா ஒண்ணு தெரியுது பாரு. டிராகன்டா!” என்றான் பாண்டி.

“நெழலா இருக்கும்டா.”

“றெக்கை தெரியுது, காலு தெரியுது. நெழலுக்கு ஏதுடா காலு? நம்ம அதுல ஏறிப் பறக்கப் போறோம், எழுதி வச்சுக்க!”

எழுதியும் வைத்தோம். பறக்கும் டிராகன் குறித்து மூன்று வாரம் இணையத்தில் அயல்நாட்டு ஆட்களோடு சண்டை போட்டோம். எங்களுக்குத் தெரிந்தது அவர்கள் யாருக்குமே தெரியவில்லை. கண் இல்லாத பயல்கள் என்று திட்டினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டி திரையைத் துணியால் துடைத்தான். டிராகன் துணியோடு வந்துவிட்டது. அடிபட்டுச் செத்த கொசு அது.

அதற்குப் பிறகாவது அடங்கினோமா? இல்லை. எங்கள் எதிர்பார்ப்புகளை நாற்பத்திரண்டு அம்சமாக எழுதி அந்தக் கம்பெனிக்கே அனுப்பினோம். வைத்தியர்களுக்குத் தனி மரியாதை வேண்டும். வைத்தியனைத் திட்டுகிறவனுக்கு ஒரு மணி நேரம் பேச்சு வரக் கூடாது. பனியில் நடந்தால் சறுக்க வேண்டும், ஆனால் நாங்கள் மட்டும் சறுக்கக் கூடாது. முப்பத்தெட்டாவது அம்சம், மஞ்சுவிரட்டுக்குத் தோதாக ஒரு பனிக்காளை. எங்கள் வார்டில் சாக்கடை அடைத்துக்கொண்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. அதற்கு நாங்கள் ஒரு வரிகூட எழுதிப்போட்டதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

வெளியாகும் தேதி வந்தது. பேரையூர் பக்கம் எங்கள் ஊரில் காளியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாளும் அதுதான். கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டவன் எட்டு நாளைக்கு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கவிச்சி தொடக் கூடாது. அந்தத் தேதியைப் பார்த்ததும் என் மூளை அபாரமாக வேலை செய்தது. (அதற்கு முன்னும் பின்னும் அது அப்படி வேலை செய்ததில்லை.)

மேனேஜர் முன்னால் போய்ப் பவ்யமாக நின்றேன்.

“சார், ஊர்ல காப்புக் கட்டுறோம். எட்டு நாளைக்கு எல்லை தாண்ட முடியாது.”

அவர் பக்திமான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “எங்க ஊர்லயும் அப்படித்தான் தம்பி. போயிட்டு வாங்க. தீச்சட்டி எடுக்குறீங்களா?”

“இருபத்தோரு சட்டி சார்.”

ஒன்று என்று சொல்லியிருக்கலாம். யாரும் இருபத்தொன்று கேட்கவில்லை. நாக்கில் சனி உட்கார்ந்திருந்தான்.

அடுத்து அம்மாவுக்குப் போன். “இந்த வருசம் லீவு கெடைக்கலம்மா. மேனேஜர் ஒரு மாதிரியான ஆளு.”

“திருவிழாவுக்குக்கூட விடாதவன் என்னடா மனுசன்? அவன் வீட்ல சாமி படமே இல்லையா?” என்று அம்மா பொரிந்து தள்ளினார். நான் அவரைச் சமாதானப்படுத்தி, மேனேஜருக்கும் குடும்பம் இருக்கிறது என்று பெருந்தன்மையாகப் பேசி முடித்தேன்.

ஆக, ஆபீசைப் பொறுத்தவரை நான் ஊரில் இருந்தேன். ஊரைப் பொறுத்தவரை ஆபீசில் இருந்தேன். உண்மையில் ஆனையூரில் ஒரு கைலியைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன். பாண்டி ஒரு மஞ்சள் கயிறு வாங்கிவந்து என் கையில் கட்டினான், எதற்கும் இருக்கட்டும் என்று.

முதல் நாள் விளையாட்டு வெளியாகவில்லை. ‘உங்களுக்கு மேலும் சிறப்பாகத் தருவதற்காக’ நான்கு நாள் தள்ளிப்போட்டார்கள். நான் கொதித்துப்போனேன். கம்பெனியை நம்பிச் சாமி பெயரிலேயே பொய் சொன்னவனுக்கு இதுதான் மரியாதையா? நாலு நாளும் கொத்துபுரோட்டா தின்றுகொண்டு, கையில் காப்போடு, அந்தக் கம்பெனிக்குச் சாபம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் பிற்பகல் கதவைத் திறந்தார்கள். உள்ளே போக வரிசை. எனக்கு முன்னால் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேர் என்று திரை சொன்னது. கண்ணை எடுக்காமல் காத்திருந்தேன். நடுவில் அம்மாவிடமிருந்து ஏழு அழைப்பு. எடுக்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து என் வைத்தியன் பனிக் கண்டத்தில் முதல் அடி எடுத்து வைத்தான். சர்ரென்று சறுக்கி விழுந்தான். அந்த நேரம் பார்த்து மறுபடியும் போன். திரையில் மேனேஜர் பெயர்.

“பாண்டி, மேளம்!” என்று கத்தினேன். பாண்டி குளியலறை வாளியைக் கவிழ்த்துப்போட்டு அடிக்க ஆரம்பித்தான். நான் போனை எடுத்தேன்.

“சார்! கோயில்லதான் இருக்கேன் சார்! மேளச் சத்தம் கேக்குதா சார்?”

“கேக்குதுடா,” என்றது என் அம்மாவின் குரல். “நான் கோயில் வாசல்லதான் நிக்கிறேன். இங்க அடிக்காத மேளம் அங்க எப்படிடா கேக்குது?”

பாண்டி விஷயம் தெரியாமல் குலவை வேறு போட்டான்.

நடந்தது இதுதான். பேரையூரில் ஒரு டீலரைப் பார்க்க வந்த மேனேஜர், நான் தீச்சட்டி எடுக்கும் அழகைப் பார்க்க மாலையும் பழத்தட்டுமாக எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். கோயில் வாசலில் அம்மாவிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கிறார். அம்மா விட்டாரா? “நீங்கதானா அது? எம் பிள்ளைக்கு ஒரு நாள் லீவு குடுத்தா உங்க குழாயெல்லாம் ஒழுகிருமா?” என்று ஊர்ச் சனத்துக்கு முன்னால் பிடிபிடியென்று பிடித்திருக்கிறார். “லீவு குடுத்து அஞ்சு நாளாச்சும்மா,” என்று மேனேஜர் சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் நான் யார் என்பது புரிந்திருக்கிறது. தன் அழைப்பை நான் எடுக்காததால் அம்மா அவர் போனை வாங்கிப் பேசியிருக்கிறார்.

“பொறப்பட்டு வாடா,” என்று மட்டும் சொல்லி அம்மா போனை வைத்தார். வேலை போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. பேரையூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடன் கேட்டால்கூட யாராவது தருவார்கள், வேலை கேட்டால் யார் தருவார்கள்? இரண்டு வருடம் குடோனில் தூசி தின்றது அத்தனையும் வீண். பாதி வழியில் பாண்டி கூப்பிட்டான்.

“மாப்ள, உன் வைத்தியன் பனியிலயே நின்னானா, ஓநாய் கடிச்சுக் கொதறிருச்சுடா. அப்புறம் நம்ம நாப்பத்திரண்டு அம்சத்துல ஒண்ணே ஒண்ணு வந்திருக்கு.”

“எது?”

“பனியில சறுக்குது. நமக்கும் சறுக்குது.”

ஊர் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், சட்டை இல்லாமல், என் அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு மேனேஜர் உட்கார்ந்திருந்தார். கையில் மஞ்சள் கயிறு.

அம்மாதான் சொன்னார். “கோயில் வாசல்ல வந்து கோவத்தோட திரும்பக் கூடாதுல்ல? அதான், ஒரு சாமிக் கயிறக் கட்டிக்கிட்டுப் போங்க சார்னு சொன்னேன். சாரு தங்கமான மனுசன், கைய நீட்டிட்டாரு. கட்டின பெறகுதான் அது காப்புக் கயிறு, எல்லை தாண்டக் கூடாதுங்கிற நெனப்பே எனக்கு வந்துச்சு.”

(நினைப்பு வந்ததாம். அம்மாவுக்கு! மேனேஜர் ஒத்தக்கடை போய்ச் சேர்ந்தால் பிள்ளையின் சீட்டு கிழிந்துவிடும் என்று அந்த ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டவர் அவர்.)

“தம்பி,” என்றார் மேனேஜர், மிகவும் அமைதியாக. “திருவிழா முடிய இன்னும் மூணு நாள் இருக்கு. அதுவரைக்கும் உங்க முகத்தத்தான் நான் பாத்துக்கிட்டு இருக்கணும். என்ன விளையாட்டுன்னு வெவரமாச் சொல்லுங்க.”

சொன்னேன். பனிக் கண்டம், வைத்தியன், கொசு, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் கேட்டார்: “நாப்பத்திரண்டு அம்சம் எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கீங்க. குடோன்ல என்ன இருக்குன்னு ஒரே ஒரு ரிப்போர்ட் மூணு மாசமாக் கேக்குறேன். அது என்னாச்சு?”

மூன்று நாளும் அவருக்கு அம்மா கையால் விருந்து. கவிச்சி கிடையாது, ஆனால் கத்திரிக்காயை வைத்தே ஒரு மனிதனை மயக்க அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தண்டனை தீச்சட்டி. எட்டு நாள் விரதம் இருக்க வேண்டியவன், கொத்துபுரோட்டா தின்ற வயிறோடு, அம்மனிடம் ஆயிரம் மன்னிப்புக் கேட்டபடி, வேப்பிலை வைத்த கையில் ஒரு சட்டியை ஏந்திக்கொண்டு நடந்தேன். மேனேஜர் என் கூடவே நடந்துவந்தார். “மீதி இருபது எப்பத் தம்பி?” என்று தெருமுனைக்குத் தெருமுனை கேட்டார்.

கடைசி நாள் காலை அவருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன். மூன்று நாளாக ஆளைக் காணோம் என்றால் கேட்கத்தானே செய்வார்கள்? அவர் எழுந்து ஓரமாகப் போனார். “பேரையூர் பக்கம் ஃபீல்டு விசிட் சார். விவசாயிங்க விட மாட்டேங்குறாங்க சார். ஆமா சார், வயல்லதான் நிக்கிறேன்.”

திரும்பினால் பின்னால் அம்மா, கையில் காபி டம்ளரோடு.

“கோயில்ல மேளம் அடிக்கிறாங்களே சார். மேலிடத்துக்குக் கேட்டிருக்காதா?” என்றார் அம்மா, ரொம்ப அக்கறையாக.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் காபியை வாங்கிக் குடித்தார். அந்த மாதக் கடைசியில் நான் நிரந்தரமானேன். எங்கள் மூன்று பேரில் யாரும் அது பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதன் பிறகு அவர் எங்கள் வீட்டு ஆளாகிவிட்டார். வருடா வருடம் குடும்பத்தோடு வந்து சாமி கும்பிட்டுவிட்டுப் போகிறார், காப்புக் கட்டாமல். ஆபீசில் யார் லீவு கேட்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “கோயிலா, பனியா?” என்னிடம் அதுகூடக் கேட்பதில்லை. என் லீவு விண்ணப்பத்தை வாங்கிப் படிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, என் அம்மாவுக்குப் போன் போடுகிறார்.

போன மாதம் கருங்கோட்டையில் அடுத்ததாக ஒரு தீவு வரப்போவதாக அறிவித்தார்கள். எனக்கு இப்போது முப்பத்து மூன்று வயது. பொய் சொல்ல வயதில்லை என்று, அம்மாவிடமே உண்மையைச் சொல்லி ஒரு வாரம் லீவு வேண்டும் என்றேன். அம்மா திட்டவே இல்லை. “இம்புட்டுத்தானே, நான் பேசுறேன்,” என்றார். பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார்.

“ஒரு வாரம் லீவு சொல்லியாச்சுடா. மேனேஜர் தம்பி ஒடனே சரின்னுட்டாரு.”

“ரொம்பத் தேங்க்ஸ்ம்மா!”

“இருக்கட்டும். நம்ம காட்டுல கடலை புடுங்க ஆளு கெடைக்கல. வெள்ளனமே பஸ் ஏறிரு.”