வேட்டிக்காரரும் கரகத் தண்ணீரும்

எண்ணூரில் வெள்ளை வேட்டியை அழுக்காக்குவதையே தொழிலாக வைத்திருந்த ஒரே மனிதர், எங்கள் மாடியில் குடியிருந்த வேட்டிக்காரர்தான்.

பேர் ஏதோ சொன்னார், யார் வாயிலும் நிற்கவில்லை. ஓவியராம். தினமும் காலையில் ஒரு வேட்டியை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஒரே இடத்தில் முக்கி எடுப்பார். எங்கள் கொடியில் காயப்போட்டு ஓரத்தில் தேதி எழுதுவார். ஒரு நாள் சாம்பல், ஒரு நாள் எண்ணெய், ஒரு நாள் துரு. ஆறுதான் வரைகிறது, நான் துணி பிடிக்கிறேன் என்பார்.

மீன் விற்கும் மாரியம்மா பாவப்பட்டு அரைக் கட்டி சோப்பு கொண்டுவந்து கொடுத்தாள். "இன்னா சார், தொவைக்க தொவைக்க கறுப்பாயிகினே போது. வூட்ல சொல்லிக் குடுக்கலியா?" அவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். அதைத் தேய்த்துக் குளித்தாரே தவிர, வேட்டியில் படவிடவில்லை.

என் வீட்டுக்காரர் ஆற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர். அந்தத் தண்ணீரிலேயே நின்று காலில் புண். இனி அந்தத் தண்ணீரில் இறங்கினால் காலையே எடுக்கவேண்டி வரும் என்றார் டாக்டர். புண் ஆற வேண்டும் என்று ஆடி மாதம் கரகம் தூக்குவதாக நேர்ந்துகொண்டேன்.

ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு அம்மனுக்கு அபிஷேகம் செய்வது எங்கள் வழக்கம். ஆனால் அந்தத் தண்ணீரை ஆத்தா தலையில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. பூசாரியிடம் சொல்லி, வீட்டிலேயே கேன் தண்ணீரை நிரப்பி, வாயை வேப்பிலையால் அடைத்துவிட்டேன். ஆற்றில் குடத்தின் அடி மட்டும் நனைந்தது. பூசாரிக்கும் எனக்கும்தான் தெரியும்.

அன்றைக்கும் வேட்டிக்காரர் இன்னும் முக்காத வெள்ளை வேட்டியோடு கரையில் நின்றார். மாரியம்மாவுக்குக் குறும்பு. "ஆத்தா தண்ணில ஒரு தபா நனை சார், உன் தொவைப்பு வெளங்கும்" என்று வேப்பிலையை விலக்கி, கரகத்திலிருந்து ஒரு கை அள்ளி வேட்டியில் ஊற்றிவிட்டாள்.

வேட்டி நனைந்தும் கறையில்லாமல் தும்பைப்பூவாய் இருந்தது. மேளம் நின்றது.

"ஆறு சுத்தமாயிடுச்சிடி!" மாரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். என் வீட்டுக்காரர் கைலியைத் தூக்கிக்கொண்டு, காலில் இருந்த கட்டை அவிழ்த்துப் போட்டு ஆற்றை நோக்கி நடந்தார். நான்தான் சொல்லவேண்டும். சொல்லவில்லை.

வேட்டிக்காரர் குடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஓடிப்போய் என் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார்.

"இறங்காதீங்கண்ணே. சும்மா விளையாட்டுக்கு நான்தான் துணியில மெழுகு பூசிக் கொண்டாந்தேன். அதான் கறை பிடிக்கல."



"ஆத்தா கிட்டயேவா உன் வெளையாட்டு?" என்றாள் மாரியம்மா. அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. தெருப் பையன்கள் அவர் சட்டையைப் பிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். சாம்பல் வேட்டிகளை எல்லாம் டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார். நான் படியில் நின்றேன். "அண்ணன் காலைப் பாத்துக்குங்கம்மா" என்றார், அவ்வளவுதான்.

கால் இருக்கிறது. புண் இன்னும் ஆறவில்லை. அம்மனிடம் அன்றைக்கே அழுது சொல்லிவிட்டேன். தெருவுக்கு இன்றுதான் சொல்கிறேன்.

மாடிக் கொடியில் என் புடவைகளைத் தள்ளித்தான் போடுகிறேன். ஒரு வேட்டிக்கு இடம் விட்டு.