விரிசல் அண்ணையும் ஒரு வாளிப் பித்தளையும்

இந்த உலகத்தில் எந்தப் பொருளும் முழுதாக இருக்கிறது என்று நம்பாத ஒரே மனிதர் எங்கள் விரிசல் அண்ணைதான். இங்கே பக்குரங்கா பகுதிக் கடையில் தேநீர்க் கோப்பை வாங்கப் போனால் ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்பார். கல்யாண மண்டபத்தில் நாற்காலியைக் கவிழ்த்து நான்கு காலையும் பார்த்த பிறகே உட்கார்வார். அதற்குள் முதல் பந்தி முடிந்திருக்கும்.

“கலியாணத்தண்டைக்குத் தாலிக்கொடியையே இழுத்துப் பாத்திட்டுத்தான் கட்டினவர்” என்பார் அவர் மனைவி. அண்ணை மறுத்ததில்லை.

அவருடைய சொந்தப் பெயர் கடல் கடந்து நாங்கள் குடியேறிய லின்ஃபீல்டில் பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்துக்காரர். மான் வேட்டைக்கு உரிமம் வைத்திருந்தார். ஆனால் அவருக்கு மானைவிட, சுட்ட பிறகு கீழே விழும் தோட்டாவின் பித்தளைக் கூட்டின் மேல்தான் பிரியம். கராஜில் உட்கார்ந்து அதைக் கழுவி, அளந்து, மறுபடி வெடிமருந்து நிரப்பிப் புதுத் தோட்டாவாக்குவார். அவர் நிரப்பியவற்றைவிடக் கழித்துப் போட்டவை அதிகம்.

எங்கள் கூட்டத்தில் இன்னொரு வேட்டைக்காரன் குமார். மதுரைப் பையன், ஐடி வேலை, எதற்கும் அவசரம். ஒருநாள் வாளி நிறையப் பழைய பித்தளைக் கூடுகளோடு அண்ணையின் கராஜுக்கு வந்தான். யாரோ வீடு காலி செய்யும்போது விற்றதாம். தங்கம்போல் மின்னின.

“அண்ணே, எல்லாத்தையும் நிரப்பிக் குடுங்க.”

“ஆர் சுட்டது? எத்தினை தரம் சுட்டது?”

“எனக்கென்ன தெரியும்?”

“அப்ப வேண்டாம்.”

அண்ணை அங்கே உடனிருந்த எனக்கு விளக்கினார். சுடும்போது கூடு அந்தத் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குத் தக்கபடி உப்பிவிடும். வேறொருவர் போட்டுப் பழகிய செருப்பு மாதிரி. அதை நம் துப்பாக்கிக்காக அளவுக்கு மீறி அமுக்கினால், அறைக்குள் இடைவெளி மிஞ்சும். சுடும்போது கூடு அந்த இடைவெளிக்கு இழுபடும். திரும்பத் திரும்ப இழுபட்டால் அடிப்பக்கம் உள்ளே மெலிந்து, ஒருநாள் இரண்டாகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

குமார் சிரித்தான். அண்ணைக்கு ரோஷம் வந்துவிட்டது. ரம்பம் எடுத்து ஒரு கூட்டை நீளவாக்கில் அறுத்தார். உள்ளே பழுதே இல்லை. இன்னொன்று. அதுவும் பத்திரம். மூன்றாவதும் அப்படியே.

“அண்ணே, விரிசல் எங்க? உங்க தலையிலயா?”

அண்ணை ரம்பத்தைக் கீழே வைத்தார். “கிடக்கட்டும். நான் செய்து தர மாட்டன்.”

குமார் கோபத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். தானே கருவி வாங்கி, தானே நிரப்பினான். இருவருக்கும் பேச்சு நின்றது. கோயிலில்கூட ஆளுக்கொரு தூணுக்குப் பின்னால் நின்றார்கள்.

ஊருக்குத் தெற்கே ஒரு பண்ணையில் சுட்டுப் பார்க்கக் குமார் என்னையும் அழைத்துப் போனான். இறங்கித் திரும்பினால், பின்னாலேயே அண்ணையின் கார். யாரும் கூப்பிடவில்லை. நேராக வந்து, குமாரிடம் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியை நீட்டினார்.

“சுடுறதெண்டா சுடு. இதைப் போட்டுக்கொண்டு சுடு.”

“என் கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

“அப்பிடியே இருக்கட்டும் எண்டுதான் தாறன்.”

அவரைக் கிளப்பிவிட வேறு வழியில்லாமல் குமார் அதை மாட்டிக்கொண்டான். சுட்டான். ஒன்றும் ஆகவில்லை. “பார்த்தீங்களா?” மறுபடி சுட்டான். “பார்த்தீங்களா?” ஒவ்வொரு வெடிக்கும் அண்ணை கண்ணை இறுக மூடித் திறந்தார். அவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

அதற்கடுத்த வெடியின் சத்தம் வேறு மாதிரி இருந்தது. துப்பாக்கியின் பின்பக்கம் புஸ்ஸென்று புகை கிளம்பியது. குமார் தலையைப் பின்னுக்கு இழுத்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பின்புறத் தாழ்ப்பாளான போல்ட்டைத் திறந்தபோது, கூட்டின் அடிப்பாதி மட்டும் வெளியே வந்தது. மீதி உள்ளேயே சிக்கிக்கொண்டது. கண்ணாடியில் கருப்புப் புள்ளிகள் தெறித்திருந்தன.

அண்ணை ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். கண்ணாடியைக் கழற்றி, குமாரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

“கண் தெரியுதோ? என்னைப் பார். தெரியுதோ?”

“தெரியுதுண்ணே.”

அவ்வளவுதான், அண்ணை அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க சொன்னதுதான் சரிண்ணே” என்றான் குமார், மெல்ல.

இனி ஆயுள் முழுக்க இதைச் சொல்லிக்காட்டுவார் என்று நினைத்தேன். அண்ணை தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“சரியோ பிழையோ, அதை விடு. அந்த வாளியை நீ தூக்கிக்கொண்டு போக விட்டிருக்கக் கூடாது. பறிச்சுக் குப்பையில கொட்டியிருக்கவேணும். நீ கோவிச்சால் கோவிச்சிட்டுப் போ எண்டு.”

குமார் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் காலையில் அண்ணை அவனுக்குப் போன் செய்து கண் எப்படி என்று விசாரித்தார். அதற்கு மறுநாளும். ஒருநாள் போன் வரவில்லை என்று குமாரே அவரைக் கூப்பிட்டு, கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தான்.

சொந்தங்களை எல்லாம் விட்டு இத்தனை தூரம் வந்த பிறகு, எங்களுக்காகப் பயப்பட ஓர் ஆள் கிடைப்பார் என்று நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை.