மழைக்கு மசியாத குருவிகள்

முப்பத்தெட்டு. ஐம்பது வந்திருக்க வேண்டும்.

ஆய்வு உதவியாளர் இறகின் பளபளப்பை அளக்கும் கருவியைத் தட்டிப் பார்த்தாள்; அதே எண். மழை கொட்டித் தீர்த்த வருடம். மழை கூடினால் பெண் பாட்டுக்குருவியின் மார்பு இறகு பளிச்சென்று ஆகும் என்பது இயக்குநர் ஏழு வருடம் பாடுபட்டுக் கண்டுபிடித்தது. ஊரே ஆண் குருவியின் அழகில் மயங்கிக் கிடந்தபோது பெண் குருவியைத் திரும்பிப் பார்த்த புண்ணியவான் அவர். பத்து மணிக்கு வந்து இந்த வருட அளவைக் கேட்பார். சரியாக இருந்தால் அவள் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் மூன்று வருடத் தற்காலிகம் இன்றோடு சரி.

கருவியின் பேட்டரியை மாற்றினாள். முப்பத்தாறு.

தூசியாக இருக்கும் என்று நாற்பது குருவிகளிடம் எடுத்த நாற்பது இறகையும் சோப்புத் தண்ணீரில் அலசினாள். முப்பத்துமூன்று. காயட்டும் என்று மின்விசிறியைப் போட்டாள். அவ்வளவுதான். குருவியின் உடம்பில் இருந்தபோதுகூட அவை அப்படிப் பறந்ததில்லை.

கூட்ட வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னம்மா, தலையணை கிழிஞ்சிடுச்சா?"

"கூட்டிடாதீங்கக்கா. என் பொழப்பே அதுலதான் இருக்கு."

இருவரும் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினார்கள். முப்பத்தொன்பதுதான் கிடைத்தது.

இனிச் சோதிக்க மிச்சம் இருந்தது கருவியோடு வந்த வெள்ளை வில்லை. முதலில் அதைக் காட்டி 'இதுதான் வெள்ளை' என்று கருவிக்குச் சொல்லிவிட வேண்டும்; அதோடு ஒப்பிட்டுத்தான் இறகுக்கு அது எண் போடும். வருட ஆரம்பத்தில் துடைத்து வைத்த வில்லை. இப்போது அதில் லேசாக ஒரு பழுப்பு வளையம். அழுத்தித் துடைத்தாள்.

இருபத்தெட்டு.

சும்மா இருந்திருக்கலாம். வில்லை அழுக்காக இருந்தவரை அதன் பக்கத்தில் இறகு கொஞ்சம் பளிச்சென்றாவது தெரிந்தது. இப்போது அதுவும் போயிற்று.

இயக்குநர் வந்தார். காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, மழை பெஞ்சுதா இல்லையா?"

"பெஞ்சுது சார்."

"அப்ப மழை மேல தப்பில்லை. குருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது. மிச்சம் யாரு?"

மிச்சம் அவள்தான். "வில்லையில ஒரு வளையம் இருந்துது சார். துடைச்சேன். இன்னும் குறைஞ்சுபோச்சு."

"வளையமா? பூட்டின அறையில அது எப்படி வரும்? இங்க உன்னையும் என்னையும் விட்டா யாரு வர்றாங்க?"

அக்கா தன் கொண்டையில் சிக்கியிருந்த நாற்பதாவது இறகை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"மழை பெஞ்சா மணிக்கொரு டீ குடிச்சிட்டு டம்ளரை அதுமேலதானேய்யா வைப்பீங்க, இந்த வருஷம்தான் மழை ஆரம்பிச்ச ரெண்டே நாள்ல வீட்டம்மா உங்க டீயை நிறுத்திட்டாங்களே."