ரேடியோ உறையைக் கண்ணாடிக்குள் வைத்த கதை

படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டுரையைப் படித்ததாக நினைத்துக்கொள்ளும் ஆள் நான். (கல்யாணப் பத்திரிகையைக்கூட அப்படித்தான் படிக்கிறேன்.) இந்தப் பழக்கத்தால் எனக்குக் கல்யாணமே நடக்காமல் போகப் பார்த்தது.

தொண்ணூறுகளின் கடைசி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் அறையில் வேலை. வெளிநாட்டு வியாபாரி ஒருவர் விட்டுப்போன பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு லேஸ் பின்னல், சூளையில் வெந்து, உறைந்த பனிமூட்டம்போல் மிதந்தது. ஒரு வாரம் எனக்கு அதே கனவு. செய்முறை அடுத்த பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை, ஷூ நாக்குக்கு அளவு வெட்டக் காகிதம் கிடைக்காத ஒரு நாளில், நானே வெட்டியிருந்தேன்.

அப்போது ஸ்டெல்லாவைக் கட்டிக்கொள்ள அவள் அம்மாவின் சம்மதத்துக்குக் காத்திருந்தேன். ரூபி ஆன்ட்டி வேலூரில் ஓய்வுபெற்ற நர்ஸ். பத்துக் கேள்விக்கு ஒரு 'ம்' சொல்பவர். இறந்துபோன கணவரின் ரேடியோவுக்கு, கல்யாணமான புதிதில் குரோஷா ஊசியால் ஆன்ட்டியே பின்னிய லேஸ் உறை ஒன்று இருந்தது.

"நூல் இத்துப்போகுது தம்பி. எனக்கு முன்னாடி இது போய்டும் போல."

"குடுங்க ஆன்ட்டி. காலத்துக்கும் அழியாம பண்ணித் தர்றேன்."

ஸ்டெல்லா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

காட்பாடிப் பக்கம் ஒரு மண்பாண்டக் கூடத்தில் மின்சூளையைப் பார்த்துக்கொண்டிருந்தான் என் தோஸ்த் நஸீர்.

"இன்னாடா இது, எண்ணூறு டிகிரில துணி எரியாதா?"

"மேலயும் கீழயும் கண்ணாடி. நெருப்பு எப்படிடா உள்ள போவும்?"

லேஸ் நகராமலிருக்க, ஒவ்வொரு நூலையும் ஷூ ஒட்டும் சொல்யூஷனால் ஒட்டியிருந்தேன். (ஒட்டாத பொருள் உலகத்தில் உண்டு என்று ஆம்பூர்க்காரன் ஒப்புக்கொள்ள மாட்டான்.)

சூளை ஆற ஒரு பகல் ஆகும் என்றான். பாலாற்று மணலில் போய்ப் படுத்தேன். தண்ணீர் இல்லாத ஆறு, மேகம் இல்லாத வானம். நடுவே லேஸ்போல நான் மிதந்தேன். கனவில் ரூபி ஆன்ட்டி கண்ணாடியை வாங்கி 'ம்' என்றார். கேட்காமலேயே இன்னொரு 'ம்'மும் சொன்னார்.

நஸீர் சூளையைத் திறந்தான். கண்ணாடிக்குள் கருகிய கோடுகள். சுற்றிலும் கொப்புளங்கள். (படத்தில் இருந்தது நூல் அல்ல, செம்புக் கம்பிப் பின்னல் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.)

"அப்பளம் நல்லாத்தான் வெந்திருக்கு" என்றான். "நேரா பெங்களூர் ரயில் ஏறிடு."

ஏறியிருக்கலாம். துண்டில் சுற்றிக்கொண்டு வேலூருக்குப் போனேன்.

ரூபி ஆன்ட்டி பிரித்துப் பார்த்தார்.

"நூலு?"

"எரிஞ்சிடுச்சு ஆன்ட்டி."

ஜன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். நூல் போய்விட்டது, ஆனால் அது போன வழி மசியால் வரைந்ததுபோல் அப்படியே இருந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக விரலை ஓட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"மூணாவது வரிசைல நான் ஒரு கண்ணி விட்டுட்டேன்னு அவரு சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு. நான் ஒத்துக்கவே இல்ல."

சுவரிலிருந்த கணவர் படத்தைப் பார்த்தார்.

"விட்டுத்தான் இருக்கேன்."

பிறகு அலமாரியைத் திறந்து, குரோஷா ஊசியையும் ஒரு நூல்கண்டையும் என் கையில் வைத்தார்.

"ரேடியோ வெறுமனே கெடக்குது பாரு. அதுமாதிரியே பின்னி எடுத்துட்டு வா. அப்புறம் சர்ச்சுல தேதி கேக்கலாம்."

பதினான்கு மாதம் ஆயிற்று. ஸ்டெல்லா வாராவாரம் வரிசைகளை எண்ணிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

இன்றும் அந்தக் கண்ணாடி ஜன்னலில் தொங்குகிறது. பாடாத ரேடியோ நான் பின்னிய கோணல் உறையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. என் பின்னலிலும் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறதாம். விருந்தாளிகள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார் ரூபி அத்தை, எந்த இடம் என்று எனக்கு மட்டும் சொல்ல மாட்டார்.

கேட்டால், "எதுக்கு மாப்ள, அதையும் கண்ணாடில போட்டுப் பாக்கறதுக்கா?" என்கிறார்.