ஹால்வர்சன் கடைப் பட்டியலில் மூன்றாவது பெயர்

ஆல்டர் ஃபால்ஸ்,
செவ்வாய்க்கிழமை.

ஆல்டர் ஃபால்ஸ் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபத்தைந்து ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்தது போதும் என்று முடிவு செய்து இதை எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அச்சு இயந்திரமும் நலம் என்று நம்புகிறேன். என் நலத்துக்கும் குறைவில்லை, இந்த ஊரில் யாரும் விசாரிப்பதில்லை என்றாலும். நான் உங்கள் நெடுநாள் சந்தாதாரன். வாரம் தவறாமல் உங்கள் பத்திரிகை என் வாசற்படிக்கு மூன்றடி தள்ளிப் பனியில்தான் விழுகிறது. அதைப் பற்றிக்கூட இதுவரை ஒரு வரி எழுதியதில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சென்ற இதழின் முதல் பக்கத்தில் ஹால்வர்சன் மளிகைக் கடையின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வரும் சனிக்கிழமை, முதல் தேதியிலிருந்து கடையில் காசோலை வாங்க மாட்டார்களாம். கார்டு, இல்லையென்றால் ரொக்கம். நல்லது. அதன் நினைவாக, கல்லாவுக்குப் பக்கத்தில் இத்தனை ஆண்டுகளாக ஒட்டியிருந்த 'இவர்களிடம் காசோலை வாங்காதீர்கள்' என்ற பட்டியலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். வாசகர்கள் தங்கள் இனிய நினைவுகளை எழுதி அனுப்பலாமாம். அந்தப் பட்டியலில் பதினொரு பெயர்கள். முதல் பெயருக்கு உரியவர் இறந்துவிட்டார். இரண்டாமவர் அரிஸோனாவுக்குப் போய்விட்டார். மூன்றாவது பெயர், இன்னும் கோடு போட்டு அடிக்காத ஒரே பெயர், என்னுடையது. என் இனிய நினைவைக் கேளுங்கள்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி நாளுக்கு முந்தைய புதன்கிழமை. ஊரே வான்கோழி வாங்க வந்திருந்தது. கல்லாவில் வெர்லா. நான் காசோலைப் புத்தகத்தை எடுத்ததுமே எனக்குப் பின்னால் நின்ற டுவேன், "வாத்தியாரே, செக் எழுதுறீங்களா, வரலாறு எழுதுறீங்களா? வான்கோழிக்கு உயிர் வந்துடப் போகுது!" என்றான். வரிசை முழுவதும் சிரித்தது. முப்பத்தெட்டு டாலர் பதினேழு சென்ட்டுக்கு எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் காசோலை திரும்பி வந்துவிட்டது. அப்போது கடை முதலாளியாக இருந்த மெர்ல் ஹால்வர்சன், ஆறு பேர் எதிரில், "வாத்தியாரே, உங்க செக் திரும்பிடுச்சு. ஆபீஸ்ல இருக்கு, வந்து பாருங்க" என்றார்.

"பாக்க என்ன இருக்கு? என் செக் எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிப் பணத்தைச் சில்லறை உட்பட எண்ணி வைத்தேன்.

"சரி, அப்ப செக்கை வாங்கிக்குங்க. வாங்கினாத்தான் பட்டியல்ல பேரை அடிப்பேன். அது நம்ம கடை வழக்கம்."

"பணம் வந்தாச்சுல்ல, பேரை அடிங்க."

"செக்கை வாங்குங்க."

"அதை நான் கையால தொட மாட்டேன்."

"அப்ப நானும் பேனாவைத் தொட மாட்டேன்" என்றார் மெர்ல். சொன்ன சொல்லைச் சாகும்வரை காப்பாற்றினார்.

வீட்டுக்கு வந்து என் மனைவி லோர்னாவிடம் கேட்டேன். ஃபார்கோவில் இருக்கும் தன் தங்கை பெக்குக்கு இவள்தான் கணக்கிலிருந்து பணம் எடுத்து அனுப்பியிருக்க வேண்டும் என்பது எனக்குச் சந்தேகமறத் தெரிந்திருந்தது. "பணம் அக்கவுண்ட்லதான் இருக்கு, போய்ப் பாரேன்" என்றாள். வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதைப் பிரிக்காமலே கிழித்தேன், கொள்கைக்காக. கணக்கை மூடப் போனபோது பார்த்தால் தேவைக்கு மேலேயே பணம் இருந்தது. அதாவது பயந்துபோய்த் திருப்பிப் போட்டுவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். இரண்டு வருடத்தில் பிரிந்தோம். இந்தக் காசோலை மட்டுமே காரணம் அல்ல என்று அவளுடைய வழக்கறிஞர் சொன்னார். மற்ற காரணங்களையும் வாசித்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு நான் பட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு குளிர்காலம் முழுவதும் இருபத்தாறு மைல் தள்ளியிருக்கும் ஊருக்குப் போய் மளிகை வாங்கினேன், பிப்ரவரியில் ஒரு மான் காரில் வந்து மோதியது, மான் எழுந்து நடந்து போய்விட்டது, கார் எழவில்லை, அதனால் மறுபடியும் ஹால்வர்சன் கடைக்கே வந்தேன், ரொக்கம் மட்டும் கொடுத்தேன், ஒவ்வொரு முறையும் வெர்லா மீதிச் சில்லறை எண்ணும்வரை என் பெயரை நானே படித்துக்கொண்டு நின்றேன். ரொக்கம் யாருடைய பெயரையும் கேட்பதில்லை. பிறகு வந்த டெபிட் கார்டில் பெயர் இருக்கிறது, ஆனால் அதை எவரும் படிப்பதில்லை, நாலு எண் போட்டால் போதும். காசோலைதான் பெயர், விலாசம், தொலைபேசி எண் எல்லாம் கேட்கும், கேட்டுவிட்டு மறக்கவும் மறக்காது. கார்டு வந்ததும் நான்தான் ஊரில் முதலில் வாங்கியவர்களில் ஒருவன். அந்த ஜனவரியிலேயே பனிப்புயலில் கார்டு இயந்திரம் நின்றுபோனது. என்னிடம் ரொக்கம் இல்லை. வெர்லா பெரிய மனதோடு, "அதனால என்ன, ஒரு செக் எழுதிக் குடுங்க வாத்தியாரே" என்றவள், சுவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அடடா, உங்ககிட்டதான் வாங்கக் கூடாதே" என்றாள். எனக்கு முன்னால் நின்ற டுவேன் எட்டு டாலருக்குக் காசோலை எழுதிப் பாலும் பீரும் வாங்கிக்கொண்டு போனான். நான் பாலில்லாமல் வீட்டுக்கு நடந்தேன்.

இப்போது கடை மெர்ல் ஹால்வர்சனின் மகள் ஜோலீன் கையில். அவள் என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்தவள். நேற்று நேரில் போய், சட்டம் போடுவதற்குமுன் என் பெயரை அடித்துவிடச் சொன்னேன்.

"ஐயோ சார், அது வரலாறு! வரலாறை அழிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"இது வரலாறு இல்லம்மா. அவதூறு."

"அப்பா உங்க செக்கைப் பத்திரமா வெச்சிருந்தார் சார். சுருட்டுப் பெட்டியில இருக்கு. எடுத்துத் தரட்டுமா? மூல ஆவணத்தைப் பாக்காம எதையும் எழுதாதேன்னுட்டு எனக்கு சி கிரேடு போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

"வேண்டாம். பத்திரிகைக்கு எழுதப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இந்த ஊர்ப் பள்ளியில் வரலாறு கற்பிப்பவன் நான் ஒருவன்தான். என் மாணவர்கள் இனி பால் வாங்கப் போகும்போதெல்லாம் கண்ணாடிக்குள் என் பெயரைப் பார்ப்பார்கள். வங்கியும் மறைந்த மெர்லும் என் முன்னாள் மனைவியும் சேர்ந்து செய்த தவறுக்கு என் பெயர் நிரந்தரமாகச் சுவரில் தொங்குவதா? சனிக்கிழமைக்குள் அதை நீக்கும்படி இந்தக் கடிதத்தை முதல் பக்கத்தில் வெளியிடுங்கள்.

உங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் என் அன்பு. குளிர்காலம் உங்களிடம் கருணையோடு நடந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,

பின்குறிப்பு, புதன்கிழமை: பெயரை எழுதுமுன் தபால்தலை ஞாபகம் வந்தது. அதை வாங்க ஹால்வர்சன் கடைக்குப் போனேன். சட்டத்தை அதற்குள் மாட்டிவிட்டார்கள். பட்டியலுக்குக் கீழே, யாரும் திரும்ப வாங்காத காசோலைகளையும் ஒட்டியிருக்கிறாள் ஜோலீன். மொத்தம் ஒன்று. தேதி இருக்கிறது. தொகை எண்ணிலும் எழுத்திலும் இருக்கிறது. குறுக்கே வங்கியின் சிவப்பு முத்திரை. கணக்கில் பணமில்லை என்று இருக்கும் என்றுதான் இருபத்தைந்து ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். கையெழுத்து இல்லை என்று இருந்தது.

பக்கத்தில் லோர்னா, தள்ளுவண்டியோடு நின்றிருந்தாள்.

"எழுத்தெல்லாம் முத்து முத்தாத்தான் இருக்கு. கீழ கோடு மட்டும் காலியா கிடக்கு" என்றாள்.

"வரிசை நீளமா இருந்துச்சு" என்றேன்.

"பெக்குக்கு நான் ஒரு டாலர்கூட அனுப்பல."

"தெரியுது."

"இப்பத் தெரியுது."

கல்லாவிலிருந்து வெர்லா, "லோர்னா, கார்டா செக்கா?" என்று கேட்டாள்.

"செக்தான். இன்னும் மூணு நாள் இருக்குல்ல?" என்றாள் லோர்னா. எழுதி முடித்து, பின்னால் நான்கு பேர் காத்திருக்க, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். போகும்போது என்னைப் பார்த்து, "பத்திரிகைக்கு எழுதுறியாமே. அதுலயாவது போட்டுடு" என்றாள்.

மேலே வங்கி, மெர்ல், லோர்னா ஆகியோரைப் பற்றிச் சொன்னவை அனைத்தையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். டுவேனைப் பற்றிச் சொன்னவை அப்படியே இருக்கட்டும். பட்டியலில் என் பெயரும் இருக்கட்டும்.

கையெழுத்தில்லாத கடிதங்களை வெளியிட மாட்டோம் என்று இரண்டாம் பக்கத்தில் வாரா வாரம் போடுகிறீர்கள். போட்டு அனுப்பினால் வெள்ளிக்கிழமை இதழ் வந்ததும் ஊருக்கே தெரிந்துவிடும். அதற்கு எனக்குத் துணிவில்லை. கிழித்துப் போடவும் மனமில்லை. ஒருவராவது படித்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. தபால்தலையை ஒட்டிவிட்டேன். கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.