கறுப்பே இல்லாத கம்பித்தட்டு

அடையாறு,
புதன்கிழமை

அன்பு மருமகன் சித்தார்த்தனுக்கு, உன் தாய்மாமன் தணிகாசலம் ஆசி கூறி எழுதுவது. இங்கே நான், உன் அத்தை ஜோதிலட்சுமி, மொட்டைமாடி எல்லாரும் சௌக்கியம். கோவையில் உன் உடம்பும் ஆபீஸ் பயிற்சியும் எப்படி? போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய், அதனால் ஸ்பீடு போஸ்ட்.

ஞாயிற்றுக்கிழமை நிலாவின் அப்பா செம்பியன் திருவல்லிக்கேணியிலிருந்து வருகிறார், உன் பார்பிக்யூ அடுப்பில் நீயே வஞ்சிரம் சுட்டுக் கொடுத்து அவர் வாயால் சம்மதம் வாங்கப் போகிறாய் என்பதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. "மாமா, அந்த வார்ப்பிரும்புக் கம்பித்தட்ட சூடு பண்ணி, பிரஷ்ஷால தேச்சி, எண்ணெ தடவி வெச்சிடு, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். போதுமா? துறைமுகத்தில் பதினெட்டுக் கப்பலின் நங்கூரத்தைக் கண்ணாடியாக்கியவன் நான் (இரண்டு என்பாள் உன் அத்தை, அவள் வந்து எண்ணினாளா?). உப்புத்தாள், புளிக்கரைசல், சோப்புத்தூள் மூன்றும் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன். கறுப்பு மொத்தமும் ஓடிப்போய், ஒவ்வொரு கம்பியிலும் என் மீசை தெரிந்தது. மறுநாள் காலையில் மாடிக்குப் போனால், கடல்காற்று பட்டுத் தட்டு முழுக்கச் செக்கச்செவேலென்று துரு!

"யோவ், தோசைக்கல்ல எவனாவது உப்புத்தாள் போட்டு சொரண்டுவானா? அது அழுக்கு இல்லய்யா, எண்ணெ குட்ச்சி குட்ச்சி ஏறுன கறுப்பு. அத்த எட்த்துட்டா மீனு ஒட்டிக்கினு பிஞ்சி பிஞ்சி வரும். புள்ளயோட கல்யாணமே அதுல கீது!" என்றாள் உன் அத்தை.

"இன்னாத்துக்கு கத்துற? கேட்டுக்கு அடிச்ச செவப்பு பெயிண்ட் மீதி கீது, ஒரு கோட்டிங் குட்த்தா..." என்றேன். டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

இரு, ஒரு நிமிஷம், மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். வந்துவிட்டேன். துரு இல்லை. காலையிலிருந்து இது ஒன்பதாவது தடவை, முட்டி விட்டுப்போச்சு.

அப்புறம் மூன்று நாள், முழுக்க என் மேற்பார்வையில், அவள் தட்டைக் காய்ச்சி, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்த்து, மறுபடி காய்ச்சி, மறுபடி தேய்த்து, பழைய கறுப்பை ஏற்றினாள். வித்தை என்னுடையது என்று நிலா வீட்டில் சொல்லிவை. இன்று மத்தியானம் பரீட்சைக்காக வஞ்சிரம் இரண்டு துண்டு சுட்டேன், ஒரு செதில்கூட ஒட்டவில்லை. இரண்டையும் நானே தின்று உறுதி செய்துகொண்டேன். ஆகவே கவலையை ரயிலிலேயே விட்டுவிட்டு வந்து சேர்.

நீயும் நிலாவும் பிள்ளை குட்டிகளோடு மொட்டைமாடி நிறைய வாழ வாழ்த்தும்,
தணிகாசலம் மாமா

பி.கு.: கவரை ஒட்டும்போது செம்பியனே போன் செய்தார். "ஞாயித்துக்கெழம புரட்டாசி ஒண்ணாச்சேங்க, நம்ம வூட்ல முட்டகூட ஒடைக்க மாட்டோம். பன்னீர் சுடுங்க, போதும். மீன் பட்ட கம்பின்னா நான் கை வெக்க மாட்டேன்" என்றார். "ஐயோ, மீனா? நம்ம கம்பி அத்த கண்ணால பாத்ததே இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன். உன் அத்தை மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். வருவதற்குள் கவிச்சி வாசனை போயாக வேண்டும். உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இதுவரை நாலு கம்பி வெள்ளி.