வாசல் பக்கத்துச் சூரியன்

ஒரு நாடு முன்னேறத் தொடங்கும்போது அதன் மண்ணில் சில புதிய உயிரினங்கள் முளைக்கும். முதலில் அடிக்கல் நாட்டுபவர் வந்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பற்றி மேடையில் பேசி, தன் மேசையிலிருக்கும் கம்ப்யூட்டருக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போடுபவர் வந்தார். இப்போது வந்திருப்பவர் பச்சைப் பிரமுகர். இவரை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. இருக்க அவர் விடமாட்டார்.

அடையாளம் சுலபம். போன வருடம் வரை தன் ஆலைப் புகைபோக்கியின் உயரத்தைச் சொல்லிப் பூரித்தவர், இந்த வருடம் அதற்குப் பச்சை வர்ணம் அடித்திருப்பார். புகை மட்டும் பழைய நிறத்திலேயே வரும். பேட்டரி கார் வாங்கி, தூசி படக்கூடாதென்று போர்த்தி வைத்துவிட்டு, டீசல் வண்டியில் வேலைக்குப் போவார். மேடையேறி, "பூமி நமக்குப் பெத்த தாய் மாதிரி" என்று தழுதழுத்து, கண் துடைத்த காகிதத்தைத் திரும்பும் வழியில் கார் ஜன்னலுக்கு வெளியே விடுவார். இருப்பது என்றால் என்ன என்று தத்துவம் படித்தவர்கள் எத்தனையோ தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இவரிடம் கேட்டிருக்கலாம். நாலு பேர் பார்த்தால் இருக்கிறது, பார்க்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

இந்த இனத்தில் ஒருவரை மிக அருகிலிருந்து பார்க்கும் பேறு பெற்றவன் அவருடைய மச்சினன். அவர் துண்டு நெய்யும் ஆலை வைத்திருக்கிறார். அதன் மின்சாரப் பிரிவு மச்சினன் பொறுப்பு. அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்தில் வேலை பார்ப்பவன் நிலை உங்களுக்குத் தெரியும். சொன்னால் திமிர், சொல்லாவிட்டால் துரோகம்.

ஆலையின் பெரும்பகுதித் துண்டுகளை வாங்கிக்கொண்டிருந்த கம்பெனி ஒருநாள் புதிய நிபந்தனை போட்டது. இனிமேல் தறிகளில் ஒரு பங்காவது சூரிய மின்சாரத்தில் ஓட வேண்டும். இல்லையென்றால் வேறு ஆலையைப் பார்த்துக்கொள்வார்கள். ஆர்டர் போனால் இரண்டாம் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். அந்தக் கூடத்தில் தறி ஓட்டும் பெண்களில் பாதிப் பேரை வேலைக்குச் சொல்லிச் சேர்த்தவன் மச்சினன். பூட்டைக் கொண்டுபோய்த் தொங்கவிடும் வேலையும் அவன் தலையில்தான் விழும்.

சோலார் பலகைகள் லாரியில் வந்து இறங்கின. மச்சினன் ஓடிப்போய்ச் சொன்னான்.

"மாமா, பேனலைப் பின்பக்கக் கூரையில போடணும். முன்பக்கம் பூரா எதிர்க் குடோன் நிழல்."

"பின்பக்கம் என்ன இருக்கு மாப்ள?"

"வெயில் இருக்கு மாமா."

"வெயிலா நமக்கு ஆர்டர் குடுக்குது? குடுக்கறவங்க எந்தப் பக்கமா வருவாங்க?"

"முன்வாசல் வழியா."

"அப்ப?"

அந்த 'அப்ப'வுக்கு எந்தப் பொறியியல் புத்தகத்திலும் விடை கிடையாது. முன்பக்கச் சுவரிலேயே, வருகிறவர் கண்ணில் அறைகிற மாதிரி, பலகைகள் வரிசையாக ஏறின. அன்று சாப்பிடும்போது அக்கா தம்பிக்காகப் பேசிப் பார்த்தாள்.

"ஏங்க, படிச்ச பையன் சொல்றான். கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்களேன்."

"நீ துணியைக் கொல்லைப்புறத்துல காயப்போடற. போடு. அது துணி. இது கௌரவம்."

"துணியாவது காயுது" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

கௌரவம் அத்தோடு நிற்குமா? வரவேற்பறையில் ஒரு மின்போர்டு வைத்தார். 'சூரியன் இன்று தந்தது' என்று பச்சை எழுத்து ஓடும், அடியில் எண்கள் துள்ளும், சுற்றிலும் குட்டி விளக்குகள் மினுக்கும், பக்கத்தில் ஒரு செயற்கை நீரூற்று சலசலக்கும். மச்சினன் மீட்டரை வைத்து அளந்து பார்த்தான். பலகைகள் கொடுத்த மின்சாரத்தை, பலகைகளைப் பற்றிப் பெருமை பேசும் போர்டே தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? அளந்தவனைத்தான் அபசகுனம் என்பார்கள்.

வாங்கும் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு ஓர் அம்மாள் வந்தார். பிரமுகர் முன்வாசலில் நின்று வரவேற்று, சுவரைக் காட்டினார், போர்டைக் காட்டினார், நீரூற்றைக் காட்டினார், பூமித்தாயைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மச்சினன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்த போர்டை அணைச்சிட்டு, பேனல்லேர்ந்து வர்ற கரெண்ட்ல ரெண்டாம் கூடத்துத் தறி நாலு மட்டும் ஓட்டிக் காட்டுங்க."

தறியோட்டும் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மச்சினன் விசையைத் தள்ளினான். முதல் தறி, விடுமுறை நாளில் எழுப்பப்பட்டவன் மாதிரி ஒருதரம் புரண்டு, முனகி, அப்படியே படுத்துக்கொண்டது. மற்ற மூன்றும் புரளவும் இல்லை.

"இன்னிக்குக் கொஞ்சம் மேகமூட்டம் மேடம்" என்றார் பிரமுகர்.

வெளியே காக்காய் பறக்கப் பயப்படுகிற வெயில்.

பின்வரிசையில் நின்ற ஒரு பெண் மச்சினன் காதருகே கேட்டாள். "அண்ணே, நாங்க வேற வேலை தேட ஆரம்பிச்சுடலாமா? உள்ளதைச் சொல்லிடுங்க."

அவன் அந்த அம்மாள் பக்கம் திரும்பினான். நிழலையும் வெயிலையும் பற்றி அந்த அம்மாளிடம் கொட்டிவிடலாமா என்று பார்த்தான். அதற்குள் அவர், பிரமுகரை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தார். அதே நோயைப் பல ஊரில் பார்த்துவிட்ட வைத்தியர் பார்க்கிற பார்வை. பிறகு குடோன் நிழலைப் பார்த்தார். பின்பக்க ஜன்னல் வழியே வழிந்த வெயிலைப் பார்த்தார். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விளக்கப் போகிறார் என்று மச்சினன் நினைத்தான். விளக்கவில்லை.

"சார், உங்க முன்வாசல் ரோட்டுல ஒரே நெரிசல். அடுத்த மாசம் எங்க மேலதிகாரிங்களோட பின்வாசல் வழியாத்தான் வருவேன். அன்னிக்கு நாலு தறியும் ஓடணும். ஓடலேன்னா ஆர்டர் வேற ஆலைக்குப் போயிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

அவர் கார் தெருமுனை திரும்பியிருக்காது.

"மாப்ள! எல்லாத்தையும் கழட்டு. பின்பக்கம் மாட்டு!"

"கூரையிலதான் மாமா போடணும்."

"கூரையில போட்டா பின்வாசல்லேர்ந்து யாருக்குடா தெரியும்?"

மச்சினன் ஒரு நொடி யோசித்தான். படித்த படிப்பையெல்லாம் மடித்து உள்ளே வைத்தான். "கொஞ்சம் சாய்ச்சுப் போட்டா அட்டகாசமாத் தெரியும் மாமா. கேட்லேர்ந்து பார்த்தா கண்ணாடி மாளிகை மாதிரி பளபளன்னு இருக்கும்."

"எவ்வளவு சாய்க்கணும்?"

"அதை நான் பாத்துக்கறேன்."

"முதல்லயே இப்படிப் புத்தியாப் பேசியிருக்கலாம்ல? எதுக்கெடுத்தாலும் வெயிலு, வெயிலுன்னுகிட்டு" என்று பிரமுகர் அவன் முதுகில் தட்டினார். கல்யாணமானதிலிருந்து அவர் மச்சினனைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அடுத்த மாதம் பின்வாசல் கதவுக்குப் புதுப் பூச்சு, வழி நெடுகப் பூந்தொட்டி, கையில் மாலையோடு பிரமுகர். மேலதிகாரிகள் முன்வாசல் வழியாக வந்து இறங்கினார்கள். அவர் ஆலையைச் சுற்றிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பின்பக்கமா வர்றேன்னு சொன்னீங்களே மேடம்!"

"இன்னிக்கு ரோடு காலியா இருந்துச்சு சார்."

கூடத்தில் நாலு தறிகள் ஓடின. அந்த அம்மாள் கைகாட்டினார்; எட்டு ஓடின. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மேலதிகாரிகள் துண்டைத் தடவிப் பார்த்தார்கள், மீட்டரைப் பார்த்தார்கள், அங்கேயே நின்று ஆர்டரை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அத்தனை சந்தோஷத்துக்கும் நடுவில் ஒரே ஒரு முகம் மட்டும் இழவு வீட்டு முகம் மாதிரி இருந்தது.

"கூரையை ஒருத்தர்கூட நிமிந்து பாக்கலியே மாப்ள" என்றார் பிரமுகர்.

காரில் ஏறப்போன அம்மாளிடம் மச்சினன் மெதுவாகக் கேட்டான். "வெயில் பின்பக்கம்னு அன்னிக்கே நேராச் சொல்லியிருக்கலாமே மேடம்?"

"நீங்க சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"கேட்டாரா?" என்று கேட்டுவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு பிரமுகர் ஏறாத மேடை இல்லை. பசுமைக்குத் தொலைநோக்கு வேண்டும் என்று பேசுகிறார். மச்சினன் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறான். இரண்டாம் கூடத்தில் தறிகள் ஓடுகிற வரை தட்டத்தானே வேண்டும்? உண்மை ஜெயித்ததாக அவன் நினைக்கவில்லை. சூரியன் என்றைக்கும் நின்ற இடத்தில்தான் நின்றது. பார்க்க ஆள் வருகிறது என்றதும் மரியாதை கிடைத்தது. நல்லது நடந்துவிட்டதே, எதற்காக நடந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதைத்தான் பிரமுகரும் கேட்கிறார்.

சரி, சிரித்து முடித்துவிட்டீர்களா? உங்களிடம் ஒரு துணிப்பை இருக்குமே, 'நெகிழியை ஒழிப்போம்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்தது? அடுத்த முறை கடைத்தெருவில் நடக்கும்போது சற்றே குனிந்து பாருங்கள். எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது, உங்கள் கால் பக்கமா, எதிரே வருகிறவர் பக்கமா?